பக்காசுரன் கோட்டைக்கு முன் திண்டுக்கல்

கேள்வி: மே மாத விடுமுறைக்கு மதுரையிலிருந்து என் தம்பி குடும்பத்துடன் எங்கள் வீட்டுக்கு வருகிறான். பிள்ளைகளுக்குக் கோட்டை பார்க்க வேண்டுமாம். குன்னூருக்கு அருகிலுள்ள பக்காசுரன் கோட்டைக்கு அழைத்துச் செல்லலாமா? எழுபது வயதான எங்கள் அத்தையும் உடன் வருவார். – வாசகி, கோத்தகிரி

பதில்: அழைத்துச் செல்லலாம், ஆனால் அதையே முதல் கோட்டையாகக் காட்டாதீர்கள். அங்கே எஞ்சியிருப்பது இடிந்த மதிலின் ஒரு பகுதிதான். திரைப்படங்களில் அரண்மனையும் கொத்தளமும் பார்த்துப் பழகிய பிள்ளைகள், நான்சச் தேயிலைத் தோட்டத்தில் வண்டியை விட்டுவிட்டுச் சில கிலோமீட்டர் ஏறிய பிறகு "இவ்வளவுதானா?" என்று கேட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மதுரையிலிருந்து கோவை வழியாக வருபவர்களுக்குத் திண்டுக்கல் வழியில்தான் இருக்கிறது. வெயில் ஏறுமுன் மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு வரும்படி தம்பியிடம் சொல்லுங்கள். மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய அக்கோட்டை, 1755இல் ஹைதர் அலி பௌஜ்தாராக (படை அதிகாரியாக) வந்து சேர்ந்தபின் மைசூர்ப் படையின் தெற்குத் தளமாக வலுப்பெற்று, 1790இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பாறையில் வெட்டிய படிகள், பீரங்கி வைத்த மதில்கள், ஆயுதக் கிடங்குகள், மழைநீர் தேங்கும் சுனைகள் எல்லாம் இன்றும் உள்ளதால், ஒரு கோட்டைக்குள் படைவீரர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது விளக்கமின்றியே புரியும்.

அதைப் பார்த்த கண்ணுக்குத்தான் பக்காசுரன் கோட்டையின் ஒற்றைச் சுவர் பேசும். திப்பு சுல்தான் காலத்தில் அது காவல் நிலையாக இருந்தது. சுவரைவிட அது நிற்கும் இடத்தைக் காட்டுங்கள். கீழே மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடப்பதைப் பார்த்தால், மலையேறி வரும் எவரையும் முன்கூட்டியே அறிய இதைவிட வசதியான உச்சி வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மகாபாரதத்துப் பகாசுரன் வாழ்ந்த இடம் என்பது ஊர்க்கதை. வரலாற்றைவிட அதுவே அவர்களுக்குப் பிடிக்கும் என்பதால் தயங்காமல் சொல்லுங்கள்.

காட்டெருமையும் சிறுத்தையும் நடமாடும் பகுதியாதலால், வனத்துறையிடமும் தோட்டத்தாரிடமும் விசாரித்து, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவருடன் காலையிலேயே புறப்படுங்கள். பிற்பகலில் மஞ்சு இறங்கினால் சமவெளியும் தெரியாது, பாதையும் தெரியாது. அத்தையை இந்த ஏற்றத்துக்கு அழைக்க வேண்டாம். குன்னூருக்கு அருகிலுள்ள லேடி கேனிங்ஸ் சீட் என்ற காட்சிமுனையில் அமர்ந்தபடியே அவர் அந்த மலையைப் பார்க்கலாம்.

கேள்வி: கோட்டைச் சுவர்களில் பெயர் செதுக்குபவர்களுக்குத் தண்டனை உண்டா? – வாசகர், பழனி

பதில்: உண்டு. திண்டுக்கல் கோட்டை போன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சேதப்படுத்தினால், 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். யாரேனும் செதுக்குவதைக் கண்டால் நீங்களே சண்டைக்குப் போகாமல், நுழைவுச்சீட்டு தரும் இடத்திலுள்ள ஊழியரிடம் தெரிவியுங்கள்.