2 சதவீதமா, 30 சதவீதமா? குறுக்கீட்டு சிமுலேஷனில் எந்த எண்ணை நம்புவது

கேள்வி: 868 மெகாஹெர்ட்ஸில், 200 கிலோஹெர்ட்ஸ் சேனலில் மீட்டர் அளவுகளை வாங்கும் ரிசீவர் ஒன்றை வைத்திருக்கிறோம். பக்கத்தில் 857 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு, 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 23 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு) திறனுள்ள கைக்கருவிகள் வரப்போகின்றன. ரேடியோ குறுக்கீட்டின் வாய்ப்பைக் கணக்கிடும் சீம்கேட் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தால் ஒருமுறை 2 சதவீதக் குறுக்கீடு என்கிறது, அமைப்பைக் கொஞ்சம் மாற்றினால் 30 என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். அந்தச் சதவீதம் உங்கள் ரிசீவரின் குணம் அல்ல. எத்தனை டிரான்ஸ்மிட்டர்களை எவ்வளவு பரப்பில் தூவினீர்கள், எதைப் பாதிப்பு என்று வரையறுத்தீர்கள் என்ற கேள்விக்கு வந்த விடை அது. கேள்வி மாறினால் விடையும் மாறும். ஆகவே மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். பின்னால் பல நாள் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம். 200 கிலோஹெர்ட்ஸுக்கு 53 டிபி கூட்டுங்கள். ரிசீவரின் நாய்ஸ் ஃபிகர் (ரிசீவர் தானாகச் சேர்க்கும் இரைச்சல்) 7 டிபி என்றால் அடித்தள இரைச்சல் −114 டிபிஎம். குறுக்கீடு இதைவிட 6 டிபி கீழே இருக்கட்டும் என்று வைத்தால் (குறுக்கீடு/இரைச்சல் விகிதம், ஐ/என் = −6) சென்சிட்டிவிட்டி (மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் திறன்) 1 டிபி மட்டுமே குறையும்; பொறுக்கக்கூடிய குறுக்கீடு −120 டிபிஎம்.

இனி எதிர்ப்பக்கம். 11 மெகாஹெர்ட்ஸ் தள்ளி அந்தக் கைக்கருவியிலிருந்து கசிவது 1 மெகாஹெர்ட்ஸுக்கு −30 டிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் விழுவது அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது −37 டிபிஎம். உங்கள் ஆன்டெனாவின் கெய்ன் (ஒரு திசையில் குவிக்கும் அளவு) 6 டிபிஐ, அவர்களுடையது 0 டிபிஐ. தேவைப்படும் பாதை இழப்பு −37 + 6 + 120 = 89 டிபி. வெற்றுவெளிக் கணக்கில் 868 மெகாஹெர்ட்ஸுக்கு 1 கிலோமீட்டரில் 91.2 டிபி இழப்பு. எனவே 89 டிபிக்கு ஏறத்தாழ 775 மீட்டர் விலகல் போதும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாதிக் கணக்குதான் முடிந்திருக்கிறது. கசிவு டிரான்ஸ்மிட்டரின் குற்றம். பக்கத்து சேனலின் முழுத் திறனையும் தடுக்க முடியாமல் உள்ளே விடுவது ரிசீவரின் குற்றம். அந்த இடைவெளியில் உங்கள் ரிசீவர் 50 டிபி தடுக்கிறது என்றால், 23 − 50 = −27 டிபிஎம். கசிவைவிட இது 10 டிபி அதிகம். தேவையான இழப்பு 99 டிபியாகிறது. தூரம் சுமார் 2.45 கிலோமீட்டர். இந்த நிலையில் எதிர்த்தரப்பு டிரான்ஸ்மிட்டரில் எவ்வளவு உயர்ந்த ஃபில்டர் போட்டாலும் உங்களுக்குப் பெரிதாக நன்மை இல்லை. ஃபில்டர் போட வேண்டிய இடம் உங்கள் ரிசீவரின் முகப்பு. எந்தப் பக்கம் செலவழிப்பது என்ற முடிவே இந்த இரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது. எந்தச் சதவீதத்தையும்விட எங்களுக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இப்போது சீம்கேட்டுக்கு வாருங்கள். முதல் ஓட்டத்திலேயே மான்டே கார்லோ (இடங்களைத் தற்செயலாக மாற்றி ஆயிரக்கணக்கான நிகழ்வுகளை ஓட்டும் முறை) வேண்டாம். ஒரே ஒரு குறுக்கிடும் டிரான்ஸ்மிட்டரை ரிசீவரிலிருந்து சரியாக 1 கிலோமீட்டரில் நிலையாக நிறுத்துங்கள். பரவல் மாதிரி ஃப்ரீ ஸ்பேஸ் (வெற்றுவெளி), வேரியேஷனை (தற்செயல் ஏற்ற இறக்கத்தை) அணைத்துவிடுங்கள். ஆன்டெனா எல்லாத் திசையிலும் ஒரே அளவு. ஐஆர்எஸ்எஸ் என்பது ரிசீவருக்கு வரும் குறுக்கீட்டு மட்டம். இப்போது ஐஆர்எஸ்எஸ் அன்வான்டட் (கசிவுப் பங்கு) −122.2 டிபிஎம், ஐஆர்எஸ்எஸ் பிளாக்கிங் (ரிசீவர் தடுக்காமல் விட்ட பங்கு) −112.2 டிபிஎம் என்று வர வேண்டும். 0.1, 0.2 டிபி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். 7, 10, 17 என்று விலகினால் உள்ளிட்ட எண்ணில் தவறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் ஒளிந்திருக்கும். ஒன்று, டிரான்ஸ்மிட்டரின் கசிவைச் சொல்லும் எமிஷன் மாஸ்க் அட்டவணை. அதில் இடைவெளி, மட்டம், அதை அளந்த பேண்ட்விட்த் என மூன்று பத்திகள். மட்டத்தை டிரான்ஸ்மிட்டர் திறனுக்கு ஒப்பாக, டிபிசியில் தர வேண்டும். 23-லிருந்து −30 வரை 53 டிபி என்பதால் −53 என்று எழுதுவீர்கள். மூன்றாம் பத்தியில் 1000 கிலோஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில், சேனல் அகலம்தானே என்று 10000 போட்டால், மென்பொருள் அதே கசிவைப் பத்து மடங்கு அகலத்தில் பரப்பிக் கணக்கிடும். கசிவு 10 டிபி குறைவாகத் தெரியும், எல்லாம் நலம் என்று அறிக்கை போகும்.

இரண்டாவது, ரிசீவர் பிளாக்கிங். யூசர் டிஃபைன்ட் முறையில் மென்பொருள் எதிர்பார்ப்பது எத்தனை டிபி தடுக்கிறது என்ற நேர்மறை எண். டேட்டாஷீட்டிலோ பிளாக்கிங் மட்டம் டிபிஎம்மில் இருக்கும். −64 டிபிஎம் என்று பார்த்து அதையே தட்டிவிடுகிறார்கள். சென்சிட்டிவிட்டி 3 டிபி குறையும் நிலையில் அளந்த எண் அது என்றால், அப்போது உள்ளே வரும் குறுக்கீடு இரைச்சலுக்குச் சமம். ஆகவே தடுப்பு = −64 − (−114) = 50 டிபி. டேட்டாஷீட்டில் அளவீட்டு நிபந்தனையைக் கட்டாயம் படியுங்கள். 3 டிபியா 6 டிபியா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

உங்கள் 2, 30 புதிருக்குப் பெரும்பாலும் காரணம் ஆரம்தான், அதாவது ரிசீவரைச் சுற்றி மென்பொருள் கருவிகளைத் தூவும் வட்டத்தின் ஆரம். ஒரு சதுர கிலோமீட்டரில் 50 கைக்கருவிகள், ஒவ்வொன்றும் 2 சதவீத நேரம் மட்டும் ஒலிபரப்புகிறது என்றால், ஒரு கணத்தில் இயங்குவது சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. யூனிஃபார்ம் டென்சிட்டி முறையில் இயங்கும் கருவிகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால், ஆரத்தை மென்பொருளே கணக்கிடும்: எண்ணிக்கையை அடர்த்தியாலும் பையாலும் வகுத்து வர்க்கமூலம். எண்ணிக்கை 1 என்றால் ஆரம் 564 மீட்டர். ஒவ்வொரு முறையும் ஒரு கருவி உங்கள் தலைமாட்டில் வந்து நிற்கும், அதற்கு வெளியே இருப்பவை கணக்கிலேயே வராது. வேறு முறையில் நீங்களாக 5 கிலோமீட்டர் என்று தட்டி ஒரே கருவியை விட்டால், அது 78.5 சதுர கிலோமீட்டரில் எங்கோ கிடக்கும். ஒரே கருவிதான், ஒரே ரிசீவர்தான். விடை மட்டும் தலைகீழ். வெற்றுவெளிக் கணக்கு 2.45 கிலோமீட்டர் கேட்பதால் எண்ணிக்கையை 20 ஆக்குங்கள், ஆரம் 2.52 கிலோமீட்டர் வரும். பிறகு எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். ஐஆர்எஸ்எஸ் சராசரி அசையவில்லை என்றால் போதுமான அளவு வந்துவிட்டது.

எதைப் பாதிப்பு என்று எண்ணுகிறோம் என்ற அளவுகோலும் கைகொடுக்கும் அல்லது கவிழ்க்கும். ஐ/என் 0 என்பதை −6 ஆக்கினால் வெற்றுவெளியில் பாதிப்புத் தூரம் இரட்டிப்பு, பரப்பு நான்கு மடங்கு. சி/ஐ (சிக்னல்/குறுக்கீடு), சி/(என்+ஐ) (சிக்னல்/இரைச்சலும் குறுக்கீடும்) ஆகிய அளவுகோல்களில் இன்னொரு நுணுக்கம்: விரும்பிய சிக்னல் சென்சிட்டிவிட்டியைத் தாண்டிய நிகழ்வுகள் மட்டுமே கணக்கில் சேரும். உங்கள் சொந்த இணைப்பின் கவரேஜைப் பெரிதாக வைத்திருந்தால் 20,000 நிகழ்வுகளில் 3,000 மட்டும் தேறலாம். அப்போது 2 சதவீதம் என்பதற்கு ±0.5 பிழை உண்டு. 20,000-மும் தேறினால் ±0.2. டிஆர்எஸ்எஸ் (விரும்பிய சிக்னலின் மட்டம்) வரைபடத்தைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்க்கக் கூடாது.

ஃப்ரீ ஸ்பேஸ் சோதனைக்கு மட்டுமே. நிஜ ஓட்டத்துக்கு எக்ஸ்டெண்டட் ஹட்டா என்ற பரவல் மாதிரி பொருந்தும். அது 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரைக்குமானது. 40 மீட்டருக்குள் வெற்றுவெளியாகவே நடக்கும். உள்ளே-வெளியே சூழலைச் சரியாகத் தேர்ந்தால் சுவர் இழப்பையும் அதுவே சேர்க்கும். சுவருக்கென்று நீங்கள் தனியாக இன்னொரு 10 டிபி கழித்துவிடாதீர்கள்.

23 டிபிஎம் என்பது கைக்கருவியின் உச்சம். பவர் கன்ட்ரோல் உள்ள கருவி பெரும்பாலான நேரம் அதைவிடக் குறைவாகவே இயங்கும். எல்லாவற்றுக்கும் 23 போட்டு ஓட்டுவது மோசமான நிலைக்கான ஓட்டம். அப்படியே பெயரிட்டுத் தனியாக வையுங்கள். திறனை ஒரு பரவலாகக் கொடுத்து இரண்டாவது ஓட்டம் நடத்துங்கள்.

சீம்கேட் உங்கள் மலையையும் கட்டிடத்தையும் அறியாது. குறிப்பிட்ட ஒரு கோபுரம், குறிப்பிட்ட ஒரு ரிசீவர் என்றால் நில உயரத் தரவோடு இயங்கும் ரேடியோ மொபைல் அல்லது ஸ்ப்ளாட் எடுங்கள். வைஃபை போல, சேனல் காலியா என்று கேட்டுவிட்டுப் பேசும் கருவிகள் ஒன்றோடொன்று எப்படி விட்டுக்கொடுக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால், பாக்கெட் அளவில் இயங்கும் என்எஸ்-3 தேவை. உங்கள் கேள்விக்கு சீம்கேட் போதும். அறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே ஆரம், அடர்த்தி, அளவுகோல், பரவல் மாதிரி, தேறிய நிகழ்வுகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் எழுதிவிடுங்கள்.