செல்லின் பாகங்கள்: மனப்பாடத்துக்கு அப்பால்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. செல்லின் பாகங்களும் பணிகளும் அட்டவணையை உருப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் மையம், உட்கரு கட்டுப்பாட்டு மையம் என்று கடகடவென ஒப்பிக்கிறாள். "ஆனா ஒண்ணும் புரியலம்மா" என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

அட்டவணை தேர்வுக்கு வேண்டும், படிக்கட்டும். ஆனால் எல்லாச் செல்லிலும் எல்லாப் பாகமும் உண்டு என்ற நினைப்பை அது உண்டாக்கிவிடுகிறது. எந்தச் செல், அதற்கு என்ன வேலை என்று முதலில் கேட்கப் பழக்குங்கள். நம் இரத்தச் சிவப்பணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதிரும்போது அது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறது. ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபினுக்கு நிறைய இடம் கிடைக்கிறது, சுமந்துபோகும் ஆக்சிஜனை அந்தச் செல் தனக்கென்று செலவழிப்பதும் இல்லை. ஆனால் உட்கரு இல்லாததால், பழுதானதற்குப் பதிலாகப் புதுப் புரதம் செய்துகொள்ள வழியில்லை. சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும். உட்கரு எதற்கு என்று இதைவிடத் தெளிவாக எந்த அட்டவணையும் சொல்லாது.

அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். எல்லாரும் பூவைப் பார்ப்பார்கள். நீங்கள் மரத்தில் ஒட்டியும் காற்றில் தொங்கியும் கிடக்கும் வேரைப் பாருங்கள். காய்ந்திருந்தால் வெள்ளிபோல வெளுத்திருக்கும், நனைந்தால் பச்சையாகிவிடும். வீட்டில் வாண்டா என்ற ஆர்க்கிட் வகைத் தொட்டி இருந்தால் தண்ணீர் தெளித்தே பார்க்கலாம். அந்த வேரின் மேலுறை முழுக்க இறந்த செல்கள். சைட்டோபிளாசம் இல்லை, உட்கரு இல்லை, வெறும் செல்சுவர்தான். காலி அறைகளில் காற்று இருக்கும்வரை வெளுப்பு. மழைநீர் ஏறியதும் வெளிச்சம் ஊடுருவி, உள்ளே உயிரோடு இருக்கும் செல்களின் பச்சை நிறப் பசுங்கணிகங்கள் தெரிகின்றன. செல் இறந்த பிறகும் அதன் சுவர் செடிக்குத் தண்ணீர் பிடித்துத் தருகிறது! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. உட்கருவுக்கு அந்தப் பெயரை வைத்த ராபர்ட் பிரவுன், 1831-ல் அதை விவரித்ததும் ஆர்க்கிட் செல்களைப் பார்த்துத்தான்.

பள்ளியில் மைக்ரோஸ்கோப் இருக்குமே? ரியோ என்ற அழகுச்செடியின் இலையில் அடிப்பக்க ஊதாத் தோலை மெல்லிசாக உரித்து, கண்ணாடித்தகட்டில் வைத்து, உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊதா நிறம் ஓரத்தை விட்டு விலகி நடுவில் சுருங்கும். நிறம் இருப்பது செல்லுக்குள் நீர் நிறைந்த பைபோல இருக்கும் நுண்குமிழில். நீர் வெளியேற அது சுருங்குகிறது, செல்சவ்வும் கூடவே உள்வாங்குகிறது, சுவர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த மூன்றையும் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அவற்றின் வேலையை உருப்போட வேண்டியதில்லை.

அடுத்து உப்பை வழித்துவிட்டு நல்ல தண்ணீர் விடுவதற்கு முன், என்ன நடக்கும் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். செல் உயிரோடு இருந்தால் ஊதா திரும்ப விரியும். விரியாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். அவள் செல்சவ்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாடம் ஏறிவிட்டது.