டியூட்சியா வளர்ப்பு: கேள்விகளும் பதில்களும்

ஹைட்ராஞ்சியா குடும்பத்தைச் சேர்ந்த டியூட்சியா புதரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். சில கேள்விகள் வெவ்வேறு மாதிரி கேட்கப்பட்டாலும், வேர் ஒன்றுதான்: எந்தக் குச்சியில் பூ வருகிறது என்பது தெரியாமல் கத்தரியை எடுப்பது. அதனால் கவாத்துக்கு மட்டும் பதில் நீளமாக இருக்கும்.

கேள்வி: ஐயா, டியூட்சியா என்று சொல்லிக் கொடுத்த செடி, ஃபிலடெல்ஃபஸ் என்ற இன்னொரு பூப்புதர் மாதிரியே இருக்கிறது. பூக்கும்வரை காத்திராமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பென்சில் கனமுள்ள முற்றிய தண்டு ஒன்றை இரண்டு கணுக்களுக்கு நடுவில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். டியூட்சியா என்றால் உள்ளே குழல் போல் வெற்றாக இருக்கும். ஃபிலடெல்ஃபஸில் வெள்ளைச் சோற்றுப்பகுதி அடைத்திருக்கும். இளந்தளிரில் இதைப் பார்க்க வேண்டாம். டியூட்சியாவின் இளந்தண்டிலும் கொஞ்சம் சோறு இருக்கும், அது உங்களைக் குழப்பிவிடும்.

அடுத்தது இலை. விரலால் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அடிப்பக்கத்தைப் பார்த்தால், ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் கிளைத்த நட்சத்திர மயிர்கள் தெரியும். டியூட்சியாவில் ஸ்காப்ரா என்ற இனத்தின் இலை அவ்வளவு கரகரப்பு என்பதால், ஜப்பானில் மரத்தச்சர்கள் அதை வைத்து மரத்தை இழைத்து மெருகேற்றினார்கள்.

பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. டியூட்சியாவுக்கு ஐந்து இதழ், பத்து மகரந்தத்தாள். அந்தத் தாளின் காம்பு தட்டையாக, இரு ஓரமும் சிறகு விரிந்து, மகரந்தப்பைக்குப் பக்கத்தில் இரண்டு பற்கள் போல முடியும். ஃபிலடெல்ஃபஸுக்கு நான்கு இதழ், இருபதுக்கு மேல் தாள்கள், தூக்கலான மணம். டியூட்சியாவில் மணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான்.

கேள்வி: ரோஜாவுக்குச் செய்வதுபோல ஒவ்வொரு குளிர்கால முடிவிலும் ஒழுங்காகக் கவாத்து செய்கிறேன். செடி ஆரோக்கியமாகத் தழைக்கிறது, பூ மட்டும் இல்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தில் குறை இல்லை. பூவைத்தான் வெட்டி எறிந்துகொண்டிருக்கிறீர்கள்.

டியூட்சியா போன வருடம் வளர்ந்த குச்சியில்தான் பூக்கும். கோடையில் நீளும் தளிர், கோடை முடிவதற்குள் அடுத்த வருடத்துக்கான மொட்டுகளைக் கணுக்களில் வைத்துவிடும். குளிர்காலம் முழுக்க அவை செதிலுக்குள் உறங்கும். வசந்தத்தில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு சிறு பக்கக்கிளை கிளம்பி, அதன் நுனியில் பூங்கொத்து விரியும். குளிர்கால முடிவில் வெட்டினால் அந்த வருடப் பூ மொத்தமும் குப்பைக்குப் போகிறது. ரோஜா வகைகளில் பல புதுத்தளிரில் பூப்பவை, அதனால் அங்கே அந்த முறை சரி. இங்கே அது ஆகாது.

சரியான நேரம், பூ உதிர்ந்த உடனே. இரண்டு மூன்று வாரத்துக்குள் வேலையை முடித்துவிடுங்கள். தள்ளிப்போடப் போட, புதுக்குச்சி நீளவும் மொட்டு வைக்கவும் நாள் குறைகிறது.

முதலில் குனிந்து தூரைப் பாருங்கள். பட்டை சாம்பல் கலந்த பழுப்பாகி நார்நாராக உரிந்தால் அது பழைய தண்டு. வழவழப்பாகச் செம்பழுப்பாக இருந்தால் புதியது. பழையவற்றில் மூத்ததாகப் பார்த்து, மொத்தத் தண்டுகளில் நான்கில் ஒரு பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு, மண்ணோடு ஒட்டி எடுத்துவிடுங்கள். பாதி உயரத்தில் வெட்டி நிறுத்தாதீர்கள். வெட்டிய இடத்திலிருந்து துடைப்பம் போல மெல்லிய குச்சிகள்தான் கிளம்பும். தரையோடு எடுத்தால்தான் தூரிலிருந்து வாளிப்பான புதுத்தண்டு வரும்.

பிறகு, பூத்து முடிந்த கிளை ஒன்றைப் பிடித்து, வாடிய கொத்திலிருந்து கீழ்நோக்கிக் கண்ணை ஓட்டுங்கள். ஓரிடத்தில் பக்கவாட்டில் ஒரு தளிர் மற்றவற்றைவிடத் தடிப்பாக, நிமிர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும். அடுத்த வருடம் பூக்கப்போவது அதுதான். அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். எல்லாக் கிளைக்கும் இப்படியே. புதர் கலைந்தாற்போல், வில்லாக வளைந்து நிற்கும். டியூட்சியாவுக்கு அதுதான் அழகு. வேலிக்கத்தரியால் பந்து போல் மழித்தால் வெளியே ஒரு கூடு மாதிரி நெருக்கக் குச்சியும் உள்ளே வெற்றுக் கட்டையும்தான் மிஞ்சும்.

இந்தக் குளிர்காலத்தில் கத்தரியைத் தொடாமல் விடுங்கள். வருகிற பருவத்திலேயே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பல வருடமாகக் கவனிக்காத ஸ்காப்ரா. பத்தடி உயரம், அடியில் இலையே இல்லை. காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும், இரண்டு வழி இருக்கிறது. மொத்தப் புதரையும் குளிர்கால முடிவில் 15 முதல் 30 செ.மீ. விட்டு வெட்டுவது ஒன்று. வேர் நன்றாக இருந்தால் திரும்பத் தழைக்கும். ஆனால் அந்த வருடம் பூ இருக்காது, அதற்கடுத்த வருடமும் சுமாராகத்தான் இருக்கும். கிளம்பும் தளிர்களில் வாளிப்பானவற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். இன்னொன்று, பூத்தபின் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று வருடத்தில் பழைய தண்டு முழுவதையும் மாற்றுவது. பூவும் நிற்காது, செடிக்கும் அதிர்ச்சி இல்லை. அவசரம் இல்லையென்றால் இரண்டாவதே மேல்.

கேள்வி: பட்டை உரிகிறதே, நோயா?

பதில்: இல்லை. வயதான தண்டின் இயல்பு அது. மருந்து எதுவும் அடிக்க வேண்டாம்.

கேள்வி: ஒவ்வொரு வசந்தத்திலும் குச்சி நுனிகள் காய்ந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

பதில்: உடனே வேண்டாம். இலை விரியும்வரை பொறுங்கள். அப்போது உயிருள்ள கணு எதுவென்று தானே தெரியும். அதற்கு மேலே உள்ள காய்ந்த நுனியை மட்டும் எடுங்கள். அவசரமாக அறிய வேண்டுமென்றால் நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள்: பச்சையாக இருந்தால் உயிர், பழுப்பாக இருந்தால் செத்தது.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கோடைக் கடைசியில் போட்ட தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தால் குச்சி முற்றாமலேயே குளிருக்குள் போயிருக்கும். அல்லது மொட்டு விரியத் தொடங்கிய பிறகு, தாமதமாக வந்த உறைபனி தாக்கியிருக்கும். கிராசிலிஸ் இனம் ஓய்வில் இருக்கும்போது மைனஸ் 25 பாகை செல்சியஸ் அளவுக் குளிரைக்கூடத் தாங்கும். ஆனால் மொட்டு விரியத் தொடங்கிவிட்டால் லேசான உறைபனியே போதும், கருகிவிடும். அதனால் குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளத்தில் நடாதீர்கள். காலை வெயில் நேராக விழும் கிழக்குச் சுவரோரமும் வேண்டாம். உறைந்த மொட்டு சடாரென்று உருகும்போது சேதம் அதிகம்.

கேள்வி: என் செடி இளஞ்சிவப்பு. ஹைட்ராஞ்சியாவுக்குப் போடுவதுபோல அலுமினியம் சல்பேட் போட்டால் நீலமாகுமா?

பதில்: ஆகாது. அந்த வித்தை மாக்ரோஃபில்லா போன்ற சில ஹைட்ராஞ்சியாக்களுக்குத்தான். அவற்றின் நிறமி அலுமினியத்தோடு சேர்ந்து நீலமாகிறது. டியூட்சியாவில் நிறம் மண்ணைப் பொறுத்து மாறாது. அலுமினியம் கொட்டினால் வேருக்குத்தான் கேடு. கொஞ்சம் அமில மண், கொஞ்சம் கார மண் இரண்டிலும் டியூட்சியா நன்றாக வளரும். நீர் தேங்கும் மண்ணைத்தான் தாங்காது.

கேள்வி: இளஞ்சிவப்பு வகை வாங்கினேன். இரண்டு நாளில் வெளுத்துப் போகிறது.

பதில்: கடும் வெயிலில் வெளுப்பது இயல்பு. ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும்தான், ஆனால் இளஞ்சிவப்பு வகைகளுக்குப் பிற்பகல் நிழல் கிடைத்தால் நிறம் நிற்கும். பல வகைகளில் நிறம் இதழின் வெளிப்பக்கத்தில்தான் அழுத்தமாக இருக்கும், உள்பக்கம் வெளிறியே இருக்கும். மொட்டில் பார்த்து வாங்கியவர்களுக்கு விரிந்ததும் ஏமாற்றமாகத் தோன்றுவது இதனால்தான்.

கேள்வி: அண்ணா, குச்சி நட்டால் அடி அழுகிவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: கணுவை விட்டு நடுவில் வெட்டியிருப்பீர்கள், தம்பி. தண்டு குழல் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் குழல் வாயைத் திறந்துவிட்டு ஈரமண்ணில் செருகினால் நீர் ஏறி உள்ளிருந்தே அழுகும். கணுவில் தண்டு அடைபட்டிருக்கும். அதற்கு மிக அருகில் கீழே வெட்ட வேண்டும்.

சுலபமானது கோடைத் தொடக்கத்தில் எடுக்கும் இளங்குச்சி. பூக்காத தளிரில் 10 முதல் 12 செ.மீ., காலை வேளையில் எடுங்கள். வளைத்தால் நார் இழுபடாமல் ஒடிய வேண்டும், அதுதான் பதம். அடி இரண்டு கணுக்களின் இலையை நீக்கி, மேலே இரண்டு ஜோடி விடுங்கள். இலை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்குங்கள். வேர் ஊக்கித்தூளில் அடியைத் தொட்டுத் தட்டி, மணலும் தேங்காய்நார்க் கழிவும் சரிபாதி கலந்த கலவையில் ஒரு கணு புதையும்படி நடுங்கள். குச்சியைக் குத்தி இறக்காமல், முதலில் ஈர்க்கால் துளை போட்டுச் செருகினால் தூள் உதிராது. மேலே பாலித்தீன் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மூடியில் நீர் முத்து முத்தாக வழிந்தால் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். மூடியை ஒரே நாளில் எடுத்துவிடாமல், ஒரு வாரத்தில் படிப்படியாகப் பழக்குங்கள். வேர் பிடித்த கன்று செத்துப்போவது அதிகமும் இந்த வாரத்தில்தான்.

இலை உதிர்ந்த பிறகு 20 முதல் 25 செ.மீ. முற்றிய குச்சியை வெளியிலேயே நட்டும் வளர்க்கலாம். அதற்கும் கணுவில்தான் வெட்டு. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். ஒரே ஒரு செடி போதுமென்றால் தாழ்ந்த கிளையை வளைத்துப் பதியன் போடுங்கள், கைப்பக்குவமே தேவையில்லை. விதையும் முளைக்கும். தூசி போன்ற விதை, மேலே மண் மூடாமல் தூவ வேண்டும். ஆனால் கலப்பின வகைகள் விதையில் தாய்ச்செடி மாதிரி வராது.

கேள்வி: நடவும் உரமும் எப்படி?

பதில்: குழி வேர்க்கட்டியைவிட இரண்டு மடங்கு அகலம், ஆழம் அதே அளவு. தூர் மண்ணுக்குள் புதையக் கூடாது. இடைவெளி கிராசிலிஸுக்கு ஒரு மீட்டர், ஸ்காப்ராவுக்கு இரண்டு மீட்டர். முதல் வருடம் மழையில்லாத வாரங்களில் 10 முதல் 15 லிட்டர் நீர் ஒரே தடவையாக, மெதுவாக இறங்கும்படி விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். வசந்தத் தொடக்கத்தில் 5 செ.மீ. கனம் மட்கிய எரு, தண்டைத் தொடாமல் மூடாக்காகப் போட்டால் போதும். பக்கத்துப் புல்தரைக்குப் போடும் தழைச்சத்து இதன் வேருக்கும் போய், இலை மட்டும் மதமதவென்று வளரும் தோட்டங்கள் நிறைய.

கேள்வி: இடம் குறைவு. எந்த வகை?

பதில்: 'நிக்கோ'. இது கிராசிலிஸின் குட்டை வடிவம். உயரம் சுமார் 60 செ.மீ., படர்வது ஒன்றரை மீட்டர் வரை. வெள்ளைப் பூ. இலையுதிர் காலத்தில் இலை செம்மை படரும், மற்ற டியூட்சியாக்களில் இது அபூர்வம். இளஞ்சிவப்பில் ஒரு மீட்டருக்குள் வேண்டுமென்றால் ரோசியா கலப்பினம், கிராசிலிஸும் பர்ப்புராசென்ஸும் சேர்ந்தது. பிரான்ஸின் நான்சி நகரில் விக்டர் லெமுவான் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி உருவாக்கிய கலப்பினங்களில் ஒன்று. இன்று நாற்றங்காலில் கிடைக்கும் பல வகைகள் அவர்கள் கைவரிசைதான்.

இடம் இருந்தால் பருவத்தை நீட்டலாம். முதலில் கிராசிலிஸ், அதன்பின் கலப்பினங்கள், அதற்கும் பின் ஸ்காப்ரா, கடைசியாக செட்சுவானென்சிஸின் கோரிம்பிஃப்ளோரா வகை என்று நட்டால், வசந்தக் கடைசியிலிருந்து நடுக்கோடைவரை ஏதாவது ஒன்று பூத்திருக்கும். அடுக்கிதழ் பிடிக்குமென்றால் ஸ்காப்ராவில் 'ப்ரைட் ஆஃப் ராச்செஸ்டர்'.

கேள்வி: பூச்சி, நோய்?

பதில்: தளிரில் அசுவினி வரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போதும். இலைப்புள்ளி வந்தால் உதிர்ந்த இலையைக் கூட்டி அகற்றுங்கள், மாலையில் இலை நனைய நீர் விடாதீர்கள். பூச்சிக்கொல்லி தேவைப்படும் அளவுக்கு இந்தச் செடி நோயாளி அல்ல. பூக்கும் நேரத்தில் அடிக்கவே கூடாது, தேனீக்கள் மொய்க்கும் செடி இது.

கேள்வி: குளிரே இல்லாத வெப்பமான இடத்தில் தொட்டியில் வைத்தால் பூக்குமா?

பதில்: வளரும், பூப்பது கடினம். உறங்கும் மொட்டு விழிக்க, இலை உதிர்ந்தபின் பல வாரம் 7 பாகைக்குக் கீழான குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒன்றிரண்டாக ஒழுங்கில்லாமல் விழிக்கும், பூ வராமலே போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் இதற்காகப் பாடுபட வேண்டாம் என்பதே நேர்மையான பதில்.

குளிர் உள்ள இடத்தில் தொட்டிக்கு கிராசிலிஸ் மிகவும் தோது. 40 செ.மீ. தொட்டி, அடியில் தாராளமான துளைகள். குளிர்காலத்தில் தொட்டியைச் சாக்கால் சுற்றுங்கள். நிலத்தில் இருக்கும் வேர் தாங்கும் அளவுக்கு, பக்கவாட்டில் காற்றுப் படும் தொட்டி வேர் குளிரைத் தாங்காது. பருவத்துக்கு முன்பே பூ வேண்டுமென்றால், இலை உதிர்ந்து சில வாரம் வெளிக்குளிரில் நின்ற தொட்டியை 10 முதல் 15 பாகை வெப்பமுள்ள வெளிச்சமான அறைக்குக் கொண்டுவந்து, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறை அதைவிடச் சூடாக இருந்தால் மொட்டு விரியாமலே காய்ந்து உதிரும். பூ முடிந்ததும் மேலே சொன்னபடி கவாத்து செய்து, உறைபனி அபாயம் நீங்கிய பிறகே வெளியே வையுங்கள். அடுத்த குளிர்காலத்தில் அதே செடியை மறுபடி உள்ளே கொண்டுவராமல், ஒரு வருடம் இயல்பாகப் பூக்க விடுங்கள்.