எஸ்எஸ்டி வேகம் குறைந்துவிட்டதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போட்ட புதிதில் பறந்தது, இப்போது தவழ்கிறது, புதுசு வாங்கிவிடலாமா? பொறுங்கள். பெரும்பாலும் டிரைவ் நன்றாகத்தான் இருக்கும், காசை எடுப்பதற்கு முன் கீழே இருப்பதைப் பார்த்துவிடுங்கள்.

தருமபுரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன் அண்ணா, கல்யாண வீடியோ எடிட்டிங். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (மதர்போர்டோடு கேபிளில் இணைக்கும் வகை). 15 ஜிபி ஃபைலை காப்பி போட்டால் முதலில் 400 எம்பி வேகத்தில் ஓடி, பாதியிலேயே 70-க்கு விழுந்துவிடுகிறது. 22 ஜிபி காலி இருக்கிறது.

அந்த 22 ஜிபிதான் பிரச்சினை. எஸ்எஸ்டியில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும், அதையும் ஒரு பெரிய பிளாக்காகத்தான் அழிக்க முடியும். நீங்கள் தினமும் பார்க்கிற கல்யாணப் பந்திதான் இது: ஒருவர் எழுந்ததும் அவர் இலையில் அடுத்தவரை உட்கார வைக்க மாட்டார்கள், வரிசை முழுக்க எடுத்துத் துடைத்த பிறகுதான் அடுத்த பந்தி. காலி இடம் இருந்தால் டிரைவ் சும்மா இருக்கும் நேரத்தில் இந்த வேலையை முடித்து வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நீங்கள் காப்பி போடும்போதே, பிளாக்கில் மிச்சமிருக்கும் நல்ல டேட்டாவை வேறு இடத்துக்கு நகர்த்தி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இப்போது வரும் டிஎல்சி வகை டிரைவ்கள் ஒரு செல்லில் (சிப்பில் டேட்டா வைக்கும் குட்டி அறை) 3 பிட் வைக்கும், ஆனால் அவசரத்துக்குக் காலி இடத்தில் செல்லுக்கு 1 பிட் மட்டும் வேகமாக எழுதிவிட்டு அப்புறம் நிதானமாக அடுக்கிக்கொள்ளும். அந்தக் கணக்கில் 22 ஜிபி காலியில் வேகமாக எழுதக் கிடைப்பது அதிகபட்சம் 7 ஜிபி சொச்சம். உங்கள் 15 ஜிபி ஃபைல் பாதியில் விழுவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? செல்லுக்கு 4 பிட் வைக்கும் க்யூஎல்சி டிரைவாக இருந்தால் இன்னும் மோசம், அந்த வேகமான இடம் நிரம்பிய பிறகு சில மாடல்கள் பழைய ஹார்டு டிஸ்க்கை விட மெதுவாக எழுதும்.

செய்ய வேண்டியது இதுதான். டெலிவரி கொடுத்து முடித்த கல்யாணங்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், எடிட்டிங் மென்பொருள் சேர்த்து வைக்கும் கேச் ஃபோல்டரை வேறு டிரைவில் வையுங்கள், ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணுங்கள் (அதில் கிடக்கிற வரைக்கும் அது அழித்த கணக்கே இல்லை). 75 முதல் 100 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்று தேடித் திறந்து, உங்கள் டிரைவுக்கு நேரே 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருக்கிறதா பார்த்து 'ஆப்டிமைஸ்' கொடுங்கள். எந்தெந்த இடம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை அதில்தான் போகிறது. அன்று ராத்திரி கணினியை ஸ்லீப் போகாமல் சும்மா ஓட விடுங்கள், மறுநாள் காப்பி போட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் மாதம் ஒருமுறை டிஃப்ராக் செய்யலாமா? (பர்கூர், துணிக்கடை)

வேண்டாம் சார். டிஃப்ராக் என்பது சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது, ஊசி முன்னும் பின்னும் ஓடும் ஹார்டு டிஸ்க்குக்கான வைத்தியம் அது. எஸ்எஸ்டியில் வீணாக எழுதித் தேய்ப்பதுதான் மிச்சம். மேலே சொன்ன விண்டோஸ் பட்டன் எஸ்எஸ்டி என்று தெரிந்தால் டிரிம் அனுப்பும், அது போதும். 'ஒரே கிளிக்கில் பத்து மடங்கு வேகம்' மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

பென்னாகரத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். எஸ்எஸ்டி டப்பாவில் 550 எம்பி வேகம் என்று போட்டிருக்கிறது, எனக்கு 270 தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து 'டிரான்ஸ்ஃபர் மோட்' வரியைப் பாருங்கள். 'சாட்டா/300 | சாட்டா/600' என்று இருந்தால் டிரைவ் 600-க்குத் தயார், மதர்போர்டு 300-தான் கொடுக்கிறது என்று அர்த்தம். எச்61 சிப்செட் (போர்டின் முக்கியக் கட்டுப்பாட்டு சிப்) உள்ள போர்டுகளில் அது தரும் சாட்டா போர்ட் எல்லாமே 300-தான், பி75 சிப்செட் என்றால் ஒன்று மட்டும் 600, கேபிளை அதற்கு மாற்றினால் சரி. மாற்ற வழியில்லை என்றாலும் கவலை வேண்டாம், சான்றிதழ் பதிவேற்றும் வேலையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

அண்ணா, புதிதாகப் போட்ட ஃபைல் உடனே திறக்கிறது, இரண்டு வருடம் முன்பு போட்ட போட்டோக்கள் மட்டும் இழுக்கின்றன. ஓசூர்.

செல்லில் உள்ள மின்னூட்டம் காலப்போக்கில் மெல்லக் கசியும். அளவு நகர்ந்துவிட்டால் டிரைவ் திரும்பத் திரும்பப் படித்து, பிழை திருத்தித்தான் தர வேண்டியிருக்கும், அதனால் இழுக்கும். 2014-ல் சாம்சங் 840 ஈவோ டிரைவ்களில் இதே தொல்லை பெரிதாகப் பேசப்பட்டு, அந்த நிறுவனம் புது ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கொடுத்து, 2015-ல் மறுபடியும் ஒன்று கொடுத்தது. முதலில் தயாரிப்பாளரின் மென்பொருளில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு இங்கே அழித்து, திரும்பப் போடுங்கள். புதிதாக எழுதியதும் வேகம் வந்துவிடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'குட்' என்பதற்குப் பதில் 'காஷன்' என்று மஞ்சளாக இருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம் தம்பி, போட்டோக்களைக் காப்பாற்றிக்கொண்டு டிரைவை மாற்றிவிடு.

ஃபுல் ஃபார்மட் போட்டால் புதுசு மாதிரி ஆகுமா?

ஆகாது. விண்டோஸில் ஃபுல் ஃபார்மட் டிரைவ் முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். குயிக் ஃபார்மட்டே டிரிம் அனுப்பிவிடும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் டிரைவ் முழுவதையும் ஒரேயடியாக அழிக்கும் செக்யூர் இரேஸ், அது தயாரிப்பாளரின் மென்பொருளிலோ சில போர்டுகளின் பயாஸிலோ (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) இருக்கும். எல்லாம் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. பேக்கப் எடுத்துவிட்டு, மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, யுபிஎஸ் இருந்தால் மட்டும் இறங்குங்கள். நடுவில் கரண்ட் போனால் தலைவலிதான்.

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலை ஆபீஸ். சீசன் முடிந்தால் மாதக்கணக்கில் கணினியைப் போடுவதில்லை. போட்டால் முதல் நாள் உயிரை எடுக்கிறது.

முதல் நாள் இழுப்பதற்குக் காரணம் டிரைவ் இல்லை, தேங்கிய அப்டேட், ஆன்டிவைரஸ், இண்டெக்ஸிங் எல்லாம் ஒன்றாக ஓடுவது. சீசனுக்கு இரண்டு நாள் முன்பே போட்டு ராத்திரி ஓட விட்டால் அடங்கிவிடும். எனக்குக் கவலை வேறு. ஜெடெக் (சிப்களுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தரக்கணக்கில், எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் டேட்டாவைத் தாங்க வேண்டும். உங்கள் டிரைவ் அவ்வளவு தேய்ந்திருக்காது, ஆனால் பூட்டிய தகர ஷெட்டின் சித்திரை வெயில் 30 டிகிரி இல்லை. வாட்ச்மேனிடம் சொல்லி மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் போட்டு வைக்கச் சொல்லுங்கள், டேலி பேக்கப்பை ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வீட்டில் வையுங்கள்.