"நீ சொன்னா சரிம்மா" என்பவரிடம் கையெழுத்து வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் இதய நோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். படித்தது மதுரையில். சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த நர்ஸ்களுக்கு மருத்துவ ஆய்வுப் பயிற்சி கொடுக்கிறார்கள், நீயும் சேர் என்கிறார் மேனேஜர். "நம்ம ஆளுங்களைப் பிடிச்சுக் கொடுக்கத்தான் உன்னைக் கூப்பிடறாங்க" என்கிறார் தோழி. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. சேரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சேருங்கள் சகோதரி. தோழி சொன்னதையும் மனதில் வைத்துக்கொண்டே சேருங்கள். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அலபாமாவின் டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வு நடத்தியது. சிஃபிலிஸ் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, என்ன நோய் என்று சொல்லாமலே, அது எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1940களின் பிற்பகுதியில் அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் தாராளமாகக் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த ஆண்களைத் தன் காரில் ஏற்றிக் கூட்டிவந்து, குடும்பத்தாரிடம் பேசி, ஆய்வை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ். அவரும் கறுப்பினப் பெண்தான். டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். ஊர் நம்பியது ரிவர்ஸை. விஷயம் பத்திரிகையில் வந்த பிறகுதான் ஆய்வு நின்றது. ஆய்வில் சேர்பவர்களைப் பாதுகாக்க 1974இல் சட்டம் வந்தது. இன்று ஒவ்வொரு ஆய்வையும் முன்கூட்டியே பார்த்து அனுமதி தரும் ஐ.ஆர்.பி. குழு மருத்துவமனைகளில் வலுவாக வேரூன்றியது அதற்குப் பிறகுதான்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. நம் மொழி பேசும் நர்ஸ் பக்கத்தில் இருந்தால் நோயாளி சுலபமாகச் 'சரி' சொல்லிவிடுவார். 'வேண்டாம்' என்று சொல்வதும் அவருக்கு அதே அளவு சுலபமாக இருக்கிறதா? உங்கள் பயிற்சி அதைக் கற்றுத்தர வேண்டும்.

நடக்கப்போவதைச் சொல்கிறேன். மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பெரியவர். புது ரத்த அழுத்த மருந்துக்கான ஆய்வு. ஒப்புதல் படிவம் பக்கம் பக்கமாக நீள்கிறது. நீங்கள் தமிழில் ஆரம்பித்ததுமே அவர் முகம் மலர்ந்துவிடும். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரிப்பார். இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் "நீ சொன்னா சரிம்மா, எங்க கையெழுத்து?" என்பார். மகனும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அங்கே பேனாவைக் கொடுக்காதீர்கள். "ஐயா, வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாங்கல்ல, என்னன்னு சொல்வீங்க?" என்று கேளுங்கள். "நல்ல மருந்து தராங்களாம்" என்று பதில் வந்தால் அவருக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. இது சிகிச்சை இல்லை, ஆராய்ச்சி. அவருக்குக் கிடைப்பது மருந்தே இல்லாத மாத்திரையாகவும் இருக்கலாம். எது யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, பல ஆய்வுகளில் டாக்டருக்கே தெரியாது. பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது. இந்த நான்கையும் அவர் வாயால் திருப்பிச் சொல்லும்வரை பொறுங்கள். மகன் இல்லாமலும் ஒருமுறை பேசுங்கள். "எதுக்கும் யோசிச்சு அடுத்த வாரம் வாங்க" என்று நீங்களே அனுப்பிவைத்தாலும் தப்பில்லை.

ஒன்று முக்கியம். வீட்டில் தமிழ் பேசுவதால் மட்டும் நீங்கள் மருத்துவ மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். அதற்கான தேர்ச்சியை மருத்துவமனை சோதித்து ஏற்க வேண்டும். அதுவரை தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது வரவழையுங்கள். 'நீதான் இருக்கியே' என்று உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

சரி, இத்தனை தொல்லைக்கு எதற்குப் போக வேண்டும்? இதய வார்டில் இருக்கும் உங்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை தெரியாமலா இருக்கும்? ஆசியர்களின் ரத்தத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்கிறது, அதனால் 5 மில்லிகிராமில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஆசியர்களையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. தெற்காசியர்களின் இதய நோயை ஆராய 2010இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். அதற்கு மசாலா என்று பெயர் (யாருக்கோ நல்ல பசி போலிருக்கிறது). சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் 906 பேர் முதலில் சேர்ந்தார்கள். நம் ஆட்கள் வந்து உட்கார்ந்தால்தான் நம் உடம்பைப் பற்றிய எண்கள் கிடைக்கும். அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்க்க வேண்டும் என்று 1993இலேயே அமெரிக்கா சட்டம் போட்டதும் இதற்காகத்தான்.

பயிற்சியில் விதிமுறைகள், ஆவணம் எழுதுவது, பக்க விளைவை யாரிடம் எவ்வளவு சீக்கிரம் சொல்வது எல்லாம் வரும். உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. 2016இல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் இந்த ஆய்வு நர்ஸ் வேலையைத் தனிச் சிறப்புத் துறையாகவே ஏற்றிருக்கிறது. ஆகவே படுக்கையருகே வேலை செய்யும் நர்ஸைவிட ஒரு படி கீழே போகிறோமோ என்ற கவலை வேண்டாம்.

மேனேஜரிடம் கேட்க வேண்டியது வேறு. எத்தனை பேரைச் சேர்த்தேன் என்பதை வைத்து என் வேலையை மதிப்பிடுவீர்களா? ஆமாம் என்றால் தோழி சொன்னது சரி, யோசியுங்கள். பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் உண்டா? ஆய்வுத் திட்டம் எழுதும்போதே என்னைக் கூப்பிடுவீர்களா? உணவுக் கேள்வித்தாளில் ரொட்டியும் சீஸும் மட்டும் இருந்து இட்லிக்குக் கட்டமே இல்லையென்றால், அதை முதல் நோயாளி வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ஏதாவது தப்பாகத் தெரிந்தால், ஆய்வை நடத்தும் டாக்டரைத் தாண்டி ஐ.ஆர்.பி.யிடம் நானே நேராகப் போகலாமா?

நம் மக்கள் உங்களிடம் கேட்கப்போவது அநேகமாக இரண்டு விஷயம்: இதனால் விசாவுக்குப் பிரச்சினை வருமா, உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் செலவு செய்வார்கள். முதல் கேள்விக்கு நீங்களாகத் தைரியம் சொல்லிவிடாதீர்கள். தகவல் யார் கைக்குப் போகும் என்பதை ஆய்வுக் குழுவிடம் கேட்டு அதை மட்டும் சொல்லுங்கள். இரண்டாவதற்கான பதில், ஆபத்து கொஞ்சமாவது கூடுதலாக உள்ள ஆய்வென்றால், ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். எந்த ஆய்வு கைக்கு வந்தாலும் முதலில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள். இழப்பீடு கிடையாது என்று எழுதியிருந்தால் அதையும் அந்தப் பெரியவரிடம் தமிழில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.