பாதி கேமில் நின்றுபோகும் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள். ‘கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். படம் அப்படியே நின்றதா, சட்டென்று அணைந்ததா, ப்ளூ ஸ்கிரீன் வந்ததா, கேம் மட்டும் மூடிக்கொண்டதா? நான்குக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

கீழ்த்தளத்தில் விசைத்தறி ஓடும் வீடு எங்களுடையது. ரைசன் 5 5600 பிராசசர், கூடவே வந்த கூலர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. கேம் ஆரம்பித்து அரை மணியில் திக்கித் திக்கி ஓடுகிறது. பிறகு கம்ப்யூட்டரே அணைந்துவிடுகிறது. சித்திரை பிறந்ததிலிருந்துதான் இப்படி. கார்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

வேண்டாம், முதலில் கேபினெட்டைத் திறங்கள். திக்கிவிட்டு அணைவது பெரும்பாலும் சூட்டின் வேலை. சிப் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் திக்கல் அதுதான். அப்போதும் சூடு அடங்காவிட்டால் கருகாமல் இருக்க மொத்தமாக அணைத்துவிடும். உங்கள் பிராசசருக்கு வரம்பு 90 டிகிரி, கார்டுக்கு 93. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் லாகிங்கை (சூட்டை நொடிக்கு நொடி பதியும் வசதி) ஆன் செய்துவிட்டு விளையாடுங்கள். கம்ப்யூட்டர் அணைந்தாலும் கடைசி நிமிடத்துச் சூடு கோப்பில் பதிவாகியிருக்கும்.

தறி ஓடும் வீட்டில் சந்தேகப்பட வேண்டியது பஞ்சைத்தான். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும். பஞ்சு சேர்வது அதற்கு அடியில், சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடுகளின் மேல், கம்பளி விரித்ததுபோல. ப்ளோயரால் மேலாக ஊதினால் அது இன்னும் உள்ளே இறுகும். கூலரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கழற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நான்கு திருகுகளையும் எதிர் எதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மதர்போர்டுக்குப் பின்னாலுள்ள தகடு இந்தத் திருகுகளில்தான் நிற்கிறது. ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். இழுத்தால் பிராசசரும் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும்; நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதைப் பட்டாணி அளவு நடுவில் வையுங்கள். ஃபேன்மேல் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

அறை 28 டிகிரியிலிருந்து 38 ஆனால் உள்ளே இருக்கும் சூடும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். சித்திரையில் தொடங்கியதற்குக் காரணம் அதுவே. இன்னும் சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராக வைத்து விளையாடிப் பாருங்கள். அணையாமல் ஓடினால் கார்டு மேல் பழியில்லை.

விண்டோஸ் கோளாறுகளைப் பதியும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பில் வருகிறது. பவர் என்றிருப்பதால் எஸ்எம்பிஎஸ் கோளாறா?
– வாசகர், சூரமங்கலம்

அப்படி முடிவுகட்ட முடியாது. ‘முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றுவிட்டது’ என்பதற்கு மேல் 41 எதையும் சொல்வதில்லை. ஹேங் ஆனதும் நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் அதே 41தான் பதிவாகும். அதன் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ‘பக்செக்கோடு’ எண் பூஜ்ஜியம் இல்லையென்றால் ப்ளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது. ரேம், டிரைவர் பக்கம் பாருங்கள். பூஜ்ஜியமாக இருந்து, கேமில் காட்சி கனமாகும் நொடியில் சட்டென்று அணைகிறதென்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் நியாயம். அதன் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால் ஒரே ஒயரின் இரட்டை முனையைச் செருகாமல் தனித்தனி ஒயர் கொடுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும் நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. ஃபேன், லைட், டிவிக்கு ஒன்றும் ஆவதில்லை.
– வாசகி, அஸ்தம்பட்டி

இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ்’, ‘ஈகோ’ அல்லது ‘நார்மல்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஈகோவில் இருந்தால் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் கூடுதல். மின்விசிறிக்கு அது தெரியாது. ஆனால் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான். சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். லோ வோல்டேஜிலும் இது உதவும்: ஈகோவில் வோல்டேஜ் நன்றாக இறங்கிய பிறகும் மெயின் லைன் கரண்ட்டையே கம்ப்யூட்டருக்கு அனுப்பும்; யுபிஎஸ் மோடில் முன்னதாகவே பேட்டரிக்கு மாறிவிடும். தனி யுபிஎஸ் வாங்குவதாக இருந்தால் 600 விஏ போதாது. அது கொடுப்பது ஏறக்குறைய 360 வாட்தான். கேம் ஓடும்போது கார்டு ஒன்றே அதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் மேகம். காலையில் முதல் முறை போட்டால் ஹேங் ஆகிறது. இரண்டாம் முறை போட்டால் நாள் முழுக்க ஓடுகிறது.
– வாசகர், ஏற்காடு

குளிர்ந்திருக்கும்போது மட்டும் கோளாறு என்றால் காண்டாக்ட் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈரத்தில் ரேம் முனைகளில் படிவு ஏறும். ரேமைக் கழற்றி, முனைகளை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் இரு பக்கமும் ‘டக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். கடைகளில் ரப்பரால் தேய்ப்பார்கள்; பலன் உண்டு, ஆனால் தூள் ஸ்லாட்டுக்குள் போகும். எனக்கு அதில் விருப்பமில்லை.

அதற்கும் கேட்காவிட்டால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து இரண்டு மூன்று காலை பாருங்கள். ரேம் வேகம் குறையும்; ஹேங் நின்றால் குற்றவாளி அந்த வேகம்தான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் போட்டு நான்கு பாஸ் (முழுச் சுற்று) ஓடவிட்டு, ஒரு எரர் வந்தாலும் ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். கேபினெட்டைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் ஓடட்டும்.

சர்வீசுக்குச் சேலம் கொண்டு போவதென்றால் கனமான கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஸ்லாட் விரிசல் விடும். மலைக் குளிரிலிருந்து இறங்கிய பெட்டியின் உள்ளே வியர்க்கலாம். கீழே போனதும் இரண்டு மணி நேரம் கழித்தே போடச் சொல்லுங்கள்.

ஐ7-13700கே பிராசசர், 12 ஜிபி கார்டு. ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி கேம் மூடிக்கொள்கிறது. கார்டின் டிரைவரை டிடியூ என்ற நீக்கும் மென்பொருள் போட்டுச் சுத்தமாக நீக்கி மறுபடி போட்டும் அதேதான்.
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

செய்தி கார்டைக் காட்டினாலும் சந்தேகப்பட வேண்டியது பிராசசரை. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவை கூடுதல் வோல்டேஜ் கேட்டுப் பழுதாவதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) விரிக்கும் நேரத்தில் பிராசசர் தப்புக் கணக்குப் போட, அது இந்தச் செய்தியாக வெளிவருகிறது. பயாஸ் 2024 செப்டம்பருக்கு முந்தையதா? மதர்போர்டு நிறுவனத் தளத்தில் புதியதை எடுத்துப் போடுங்கள். போடும்போது கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இன்டெல் டீஃபால்ட் செட்டிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

இது புதிய சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே ஆன சேதத்தைச் சரிசெய்யாது. அப்டேட்டுக்குப் பிறகும் கேம் மூடினால் சிப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். பெட்டியோடு வாங்கியதற்கு வாரன்டி மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டிருக்கிறது. பில்லைத் தேடி எடுங்கள். பெட்டியில்லாத ‘ட்ரே’ சிப்பாக இருந்தால் விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.