கோதுமை பீரில் நெயில்பாலிஷ் வாசம்: ஈஸ்டா, வெயிலா?

சகோ, ஸ்டுட்கார்ட்டில் அருமையா வந்த கோதுமை பீர், திருநகர் வீட்டில் அதே வைசன் ஈஸ்ட் (ஜெர்மன் கோதுமை பீருக்கான ஈஸ்ட்) போட்டும் நெயில்பாலிஷ் வாசம் அடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்தின தானியத்தை, சந்தேகப்படாதீங்க. வெயில்தான்.

வைசன் ஈஸ்டுக்கு வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் பிறவிக் குணம். 18, 20 டிகிரியில் ரெண்டும் இணைஞ்சு வரும். சூடு ஏற ஏற வாழைப்பழம் ஓங்கி கிராம்பை அமுக்கிடும். சித்திரையில் நம்ம ஊர் அறையே 33 டிகிரி. நொதிக்கிறப்ப வாளிக்குள்ள இன்னும் கூடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் எத்தில் அசிடேட்டை, அதாவது நெயில்பாலிஷ் வாசம் தர்ற பொருளை, அள்ளிக் கொட்டும். உங்க மூக்கில் ஏறினது அதுதான்.

கோல்ஷ்ங்கிற இன்னொரு ஜெர்மன் பீரோட ஈஸ்டுக்கு மாறலாமான்னு கேட்டீங்க. வேண்டாம். அது 15, 18 டிகிரி கேட்கும், கிராம்பும் தராது. நார்வே நாட்டு க்வைக் ஈஸ்ட் 35 டிகிரியிலயும் தாங்கும், நல்ல ஈஸ்ட்தான், ஆனா நீங்க தேடுற ஜெர்மன் ருசி அதில் இல்லை.

ஈஸ்டை மாத்தாம வாளியை அண்டாத் தண்ணியில் இறக்குங்க. மேலே ஈரத்துண்டு சுத்தி, காலையும் சாயங்காலமும் ஐஸ் பாட்டில் மாத்துங்க. முதல் மூணு நாள் விடவே கூடாது, வாசம் பெரும்பாலும் அப்பத்தான் உருவாகுது. கிராம்பு தூக்கலா வேணும்னா மால்ட்டை முதல்ல 44 டிகிரி தண்ணியில் கால் மணி நேரம் ஊறவிட்டுட்டு அப்புறம் சூடேத்துங்க.

ஒண்ணு மட்டும், ஜெர்மனி மாதிரி இல்லை, தமிழ்நாட்டில் உரிமம் இல்லாம வீட்டில் பீர் தயாரிக்கிறது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதை யோசிச்சு முடிவு பண்ணுங்க.